நால்வருள் முதல்வர் நோயாளியே

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் சில நோய்கள் வந்தால் போவதில்லை. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை விருந்தாளி போல் நாலு நாள் தங்கிப் போகாமல், குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துக்கொண்டு நம்மோடேயே குடியிருப்பவை. இத்தகைய நோயுடன் வாழ்பவர் தம்மைத் தாமே எவ்வாறு பேணிக்கொள்வது, அதற்கென மருத்துவ உலகம் கண்டுள்ள வழிகளை நம் இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் எவ்வாறு நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்று வள்ளுவர் அங்கே கணக்கிடுகிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள், தோழியரே! மருத்துவர் இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறார். முதலிடத்தில் இருப்பவர் நோயாளி. நாமோ நோயாளியை மருத்துவமனைப் பெஞ்சில் வாய் திறவாமல் உட்கார வைத்துவிட்டு, அவருக்குப் பதிலாக மகனோ மகளோ பேசுவதையே வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சர்க்கரை நோயுள்ள ஒருவர் மாதம் ஒரு முறை மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அது ஒரு மணி நேரம். ஓர் ஆண்டில் உள்ள மணி நேரம் 8,760. மீதமுள்ள 8,759 மணி நேரமும் அவருக்கு மருத்துவர் யார்? அவரேதான். என்ன உண்பது, எப்போது மாத்திரை போடுவது, காலில் பட்ட காயத்தை என்ன செய்வது என்ற முடிவுகளையெல்லாம் அவர்தான் எடுக்கிறார். தெரிந்து எடுக்கிறாரா, தெரியாமல் எடுக்கிறாரா என்பதே கேள்வி.

நோயாளியை நம்பி வீட்டிலேயே மருத்துவம் செய்யலாமா என்ற ஐயத்திற்கு உலகத்திற்கே விடை சொன்ன ஊர் நம் சென்னை. ஒரு காலத்தில் காசநோய் வந்தவர்களைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை என்று சத்துணவு. ஆனால் நம் நாட்டில் நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் தத்தம் வீட்டில். வீடு என்றால் நெருக்கடியான சந்துகளில் ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் ஏழை வீடு. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பாலும் முட்டையும் ஓய்வும் இல்லாமலே வீட்டு நோயாளிகள் ஏறக்குறைய அந்த அளவுக்குத் தேறிவிட்டார்கள். அதைவிட வியப்பு, உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. இதன் பிறகு பல நாடுகளில் சானடோரியங்களுக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. வீட்டு மருத்துவம் பரவியது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. சென்னை மையத்தார் மருந்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து ‘போய் வாருங்கள்’ என்று விட்டுவிடவில்லை. செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் வீடு தேடிச் சென்றார்கள். சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டாரா என்று பார்த்தார்கள். ஏனென்றால், இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுவது மனித இயல்பு. நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயத்தில் எண்ணெய் வார்த்ததையும், சத்திரத்தில் சேர்த்ததையும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். திரும்பி வருவதாக அவன் சத்திரக்காரனிடம் சொல்லிச் சென்றதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இனி வேலூருக்குச் செல்வோம். அங்கே நடந்தது நம் கடற்கரையின் பாதங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. கொல்லிமலையில் 1914-இல் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி உதிர்ந்துவிடும் என்றே அக்காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து வேறொன்றைக் கண்டார். நோய் செய்வது நரம்பைக் கெடுத்து வலியை இல்லாமல் ஆக்குவதுதான். வலி இல்லாததால் சுடுபாத்திரத்தை அப்படியே பிடிக்கிறார்கள். ஆணி ஏறிய காலோடு நாள் முழுவதும் நடக்கிறார்கள். விரலைத் தின்பது கவனிக்கப்படாத புண். வலியைத் தொல்லை என்று நினைக்கும் நமக்கு, அது இறைவன் உடம்பில் வைத்த காவல்காரன் என்று புரியவைத்தவர் அவர்.

காவல்காரன் போய்விட்டால் அவன் வேலையைக் கண்தான் செய்ய வேண்டும். ஆகவே நாள்தோறும் கையையும் காலையும் தாமே சோதித்துப் பார்க்க நோயாளிகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் அவர்களுக்காக மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. அறுவை சிகிச்சை செய்து விரலை நிமிர்த்திய மருத்துவரே, தம் நோயாளிகளின் காலைக் காப்பாற்றச் செருப்பைப் பற்றி ஆராய்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரை நோயும் பல்லாண்டு கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்பைக் கெடுத்து, இதே போல் வலியைத் திருடிவிடுகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் நம் கடற்கரை மக்களின் நிலை தனிப்பட்டது. இங்கே யார் செருப்போடு நடக்கிறார்கள்? வலை இழுப்பவர் வெறுங்காலோடு இழுக்கிறார். கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைகளுக்கிடையே மூழ்குகிறார்கள். கருவாடு காயவைப்பவர் உச்சி வெயிலில் கொதிக்கும் மணலில் நிற்கிறார். கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஓரியூருக்கும் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்கிறோம். சிப்பி கீறினாலும், திருக்கை முள் குத்தினாலும், மணல் சுட்டுக் கொப்புளம் வந்தாலும் உணர்ச்சியற்ற பாதத்திற்குத் தெரியாது. தெரியவரும்போது புண் புரையோடியிருக்கும். பிறகு விரல், அதன்பின் பாதம், அதற்கும் மேலே என்று வெட்டி எடுக்க நேரிடுகிறது. கால் போன மீனவருக்குப் படகில் இடம் ஏது?

இதைத் தடுக்கும் வழியோ மிக எளியது, செலவும் அதிகமில்லை. இரவில் படுக்குமுன் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். உள்ளங்காலைத் தரையில் வைத்த கண்ணாடியில் பார்க்கலாம். கண் தெரியாத முதியவராயின் பேத்தி பார்க்கலாம். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். கல்லோ முள்ளோ இருந்தால் கால் சொல்லாததைக் கை சொல்லும். சிவந்திருந்தாலோ சீழ் வைத்திருந்தாலோ மறுநாளே மருத்துவமனை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு பத்து நாள் காத்திருப்பதுதான் பெரும்பாலான கால்களைக் கெடுக்கிறது.

மருந்து உண்ணும் நேரத்திலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மருந்துச் சீட்டில் ‘1-0-1’ என்று எழுதுவார்கள்; காலையில் ஒன்று, பகலில் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். நிலத்தில் வாழ்பவருக்கு அது பொருந்தும். விசைப்படகில் செல்பவரோ ஒரு நாள் காலை புறப்பட்டு மறுநாள் காலை கரை திரும்புகிறார். இரவு அவருக்கு வேலை நேரம். மாத்திரையைப் போட்டுவிட்டு, அல்லது இன்சுலினைக் குத்திக்கொண்டு, வலை இழுக்கும் அவசரத்தில் சோற்றைத் தள்ளிப் போட்டால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். குடித்திருக்கிறார் என்று கூட இருப்பவர்கள் நினைத்துவிட்டால் நடுக்கடலில் உயிருக்கே ஆபத்து. ஆகவே தம் தொழில் நேரத்தை மருத்துவரிடம் சொல்வது நோயாளியின் உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சீட்டு அதற்கேற்ப மாறும். சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் எப்போதும் இருக்க வேண்டும். மயக்கம் வருவதற்குள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் பார்த்து, தேறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. மயங்கி விழுந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது; புரையேறிவிடும்.

சர்க்கரை என்றதும் கருப்பட்டி நினைவுக்கு வருகிறது. பனைமரம் நம் மாவட்டத்தின் பெருமை. ‘கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது’ என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. அது தவறு. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

இன்சுலினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரொன்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற லியோனார்டு தாம்சன் நம் வயதை ஒட்டிய சிறுவன். அதற்கு முன்பு அந்நோய் கண்ட சிறுவர்கள் பிழைப்பது அரிது. இன்று நம் வயதுடைய பிள்ளைகள் தாமே ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் இன்சுலின் வெயிலைத் தாங்காது. குளிர்பதனப் பெட்டியோ எல்லா வீட்டிலும் இல்லை. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதில் சிறு பானையை வைத்து, அதனுள் மருந்துக் குப்பியை மூடிய டப்பாவில் வைக்கலாம். நிழலும் காற்றும் உள்ள மூலையில் இருந்தால், பயன்பாட்டில் உள்ள குப்பிக்கு அது நல்ல காப்பு. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானையின் குளிர்ச்சி குறையும் என்பதையும் மறைக்கக் கூடாது. கென்யா நாட்டில் தகாஹலே என்னும் அகதிகள் முகாமின் வெப்பத்தை அளந்து, ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் கெடாமல் இருந்ததாக அது காட்டியது. ஏழை நோயாளிகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் படகில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் பெட்டியில் குப்பியைப் புதைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினால் பயனில்லை. உருகிய பின்னும் அதைப் போடக் கூடாது.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் நம் அம்மாச்சிமார்கள், நோன்பு நோற்கும் கீழக்கரைப் பெரியவர்கள், விரதமிருக்கும் இராமேசுவரத்து மாமிமார்கள் எல்லோருமே ‘கடவுளுக்காகச் சாப்பிடவில்லை’ என்று சொல்லி மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். திருச்சபை நோயாளிகளை ஒருசந்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. இசுலாமும் நோயுற்றோருக்குச் சலுகை தந்திருக்கிறது. நம் அருட்சகோதரியர் இதனை மறைக்கல்வி வகுப்பில் சொன்னால், மருத்துவர் சொல்வதைவிட விரைவில் வீடுகளுக்குப் போய்ச் சேரும் என்பது நம் தாழ்மையான கருத்து.

சர்க்கரை நோய் முற்றினால் சிறுநீரகமும் கெடலாம். அத்தகையோர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மருத்துவமனைக்குச் சென்று, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். தீவில் வாழ்பவருக்கு இது எவ்வளவு துன்பம்! 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை பாம்பனைக் கடக்க இரயிலும் படகுமே துணை. இப்போதும் புயல் வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். இவர்களில் பலருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் வேறொரு முறை உண்டு. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விடுகிறார்கள். வயிற்றின் உட்புறச் சவ்வே வடிகட்டியாகி, இரத்தத்தின் கழிவு அத்திரவத்தில் இறங்குகிறது. சில மணி நேரம் கழித்து அதை வெளியேற்றிவிட்டுப் புதிய பையை மாட்டுகிறார்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை இதைச் செய்பவர் நோயாளியே, அல்லது அவர் வீட்டார். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, முகத்தை மூடி, சோப்புப் போட்டுக் கைகழுவி, பூசைக்கு அமர்வது போன்ற ஒழுங்கோடு செய்ய வேண்டும். வெளிவரும் திரவத்தின் பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும். கலங்கியிருந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனை இது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்பைகளும் வீட்டிற்கே கொண்டுதரப்பட்டன. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளையும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. வள்ளுவர் நான்காவதாக எண்ணிய, அருகிலிருந்து மருந்து கொடுப்பவர் இவர்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவது சரியன்று. எங்கள் வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பார்த்தோம். பாட்டியோ அப்பத்தாவோ மாத்திரை உண்ணாத வீடு மிகக் குறைவு. மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டால், ‘வெள்ளை மாத்திரை’, ‘சின்ன மஞ்சள் மாத்திரை’ என்ற விடைதான் வந்தது. கம்பெனி மாறி மாத்திரையின் நிறமும் மாறிவிட்டால் என்ன ஆகும்? பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கிவிடுவார்கள்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். தன்னைத் தானே பேணுதல் என்பது தானே மருத்துவராகி மருந்தை மாற்றுவதாகாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடுவதும், ‘இப்போது நன்றாயிருக்கிறது’ என்று நிறுத்திவிடுவதும் அதற்கு நேர் எதிரானவை. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கைகால் விழுதல் போன்றவை வந்தால் பேணுதலை ஒதுக்கிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். மேலும், புண் வந்தவரைப் பார்த்து ‘உங்கள் கவனக்குறைவுதான்’ என்று பழிப்பதும் நியாயமன்று. மெத்தென்ற செருப்புக் கிடைக்காத ஊரில், வாங்கப் பணமில்லாதவரிடம், அதைப் போடச் சொல்லிவிட்டுப் பின்பு குற்றம் சாட்டலாமா? கற்றுக் கொடுப்பதோடு கருவியையும் கொடுக்க வேண்டியது அரசும் சமுதாயமும் செய்ய வேண்டிய பங்கு.

நம் பங்கு எப்போது, எங்கே என்றும் யோசித்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டில் இருப்பார்கள். நமக்கும் அதே சமயத்தில்தான் கோடை விடுமுறை. கடலுக்குப் போகும் நாளில் ‘நேரமில்லை’ என்று சொல்பவர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்ல இதைவிட நல்ல காலம் கிடைக்காது. மருந்துச் சீட்டில் உள்ள பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து, அந்தந்த மாத்திரையின் பழைய அட்டையை அதன் பக்கத்தில் ஒட்டித் தரலாம். சீட்டின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகுக்குக் கொடுத்தனுப்பலாம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் மாதங்களில், ஒரு வாரத்திற்கான மாத்திரை தனியாக இருக்கிறதா என்று பார்த்து வைக்கலாம். மாத்திரை போட்ட நாளில் நாட்காட்டியில் ஒரு கோடு. பாதம் பார்த்த இரவில் ஒரு வட்டம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாட்காட்டி மாட்டிய ஆணியிலேயே ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும்.